சம்பளமும் கதையும்

எழுத வருகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: "சார், வேலையை விட்டுட்டு முழுநேரமா எழுதலாமா?" வேண்டாம் தம்பி. வேண்டாம்மா. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வாய்க்கணக்காகவே போட்டுப் பாருங்கள். புத்தகம் 200 ரூபாய். வழக்கமான ராயல்டி 10 சதவீதம் என்றால் பிரதிக்கு 20 ரூபாய். புது ஆள் எழுதிய புத்தகம் வருஷத்துக்கு 300 பிரதி போனாலே நல்ல விற்பனை. ஆக 6000 ரூபாய், அதுவும் ஒழுங்காகக் கணக்கு வந்தால். சென்னையில் ஒரு மாத வாடகைக்குக் காணாது.

நாம் கொண்டாடுகிற பலர் வேறு பிழைப்பு வைத்திருந்தவர்கள்தான். சுஜாதா பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் பொறியாளர். சுந்தர ராமசாமிக்கு நாகர்கோவிலில் ஜவுளிக்கடை. இமையம் பள்ளி ஆசிரியர். அசோகமித்திரன் ஜெமினி ஸ்டூடியோவில் பத்து வருஷத்துக்கு மேல் இருந்தார். செய்தித்தாள்களில் வேண்டியதைக் கத்தரித்துக் கோப்பில் சேர்ப்பது அவர் வேலை. எட்டிப் பார்த்தவர்களுக்கு மனிதர் சும்மா பேப்பர் கிழித்துக்கொண்டிருப்பதாகத் தோன்றியிருக்கிறது. சினிமா உலகத்தை வைத்து அவர் 'கரைந்த நிழல்கள்' எழுதினாரே, அங்கே உட்கார்ந்திருந்த வருஷங்கள் வீணா? நீங்கள் வங்கி கவுண்டரில் இருந்தாலும் சரி, ரேஷன் கடையில் எடை போட்டாலும் சரி, அங்கே காதில் விழுகிற பேச்சு எனக்குக் கிடைக்காது. உங்களுக்கு மட்டும்தான்.

நேரம் எங்கே என்பீர்கள். நான் காலை ஐந்திலிருந்து ஆறு வரை எழுதுகிறேன். பால்காரர் மணி அடித்ததும் நோட்டை மூடிவிடுவேன். பாதி வாக்கியத்தில் நிறுத்தினால் இன்னும் நல்லது, மறுநாள் தொடங்கத் திணற வேண்டாம்.

எழுதியதைத் திருத்துவதில்தான் பாதிப் பேர் சோம்பல் படுகிறார்கள். ஒரு பட்டறையில் ஒரு பெண் எழுதியிருந்தார்: "கணவன் போனபிறகு அவள் மனமுடைந்து போனாள்." அன்று சமையலறையில் அவள் என்ன செய்தாள் என்று கேட்டேன். யோசித்துவிட்டு மாற்றி எழுதினார்: "இட்லித் தட்டில் மாவை ஊற்றிக் கொப்பரைக்குள் வைத்து மூடினாள். அரைமணி கழித்துத் திறந்தபோதுதான் அடுப்பைப் பற்றவைக்காதது தெரிந்தது." மனம் என்ற சொல்லே காணோம். பட்டறையில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இப்போது நான் பட்ட பாடு. என் முதல் தொகுப்புக்கு ஒரு பதிப்பகத்தார் ஒற்றைத் தாள் நீட்டினார். "அனைத்து உரிமைகளும்" என்று அதில் இருந்திருக்கிறது. புத்தகம் வருகிற சந்தோஷத்தில் எங்கே வாசிப்பது? நாலு வருஷம் கழித்து ஒரு நண்பர், "உன் கதையை பஸ்ஸில் வரும்போது கேட்டேன்" என்றார். எனக்கே தெரியாமல் ஒலிநூலாகியிருந்தது! வக்கீலிடம் ஓடினேன். தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எத்தனை வருஷம் என்று போடவில்லையே, பிழைத்தீர்கள்" என்றார். 1957-ம் வருஷப் பதிப்புரிமைச் சட்டப்படி, காலம் குறிப்பிடாமல் உரிமையை எழுதிக் கொடுத்தால் அது 5 வருஷத்துக்குத்தான் செல்லும். இன்னும் ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்து திரும்ப வாங்கினேன். உங்கள் ஆயுள் முழுக்க, அதற்கப்புறம் 60 வருஷம் பிள்ளைகளுக்கும் இருக்கிற சொத்து அது. நிலப்பத்திரமென்றால் நாலு பேரிடம் காட்டுகிறோம், இதை மட்டும் டீ குடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.

அடுத்த புத்தகத்துக்கு ஒப்பந்தத்தை நானே எழுதிக்கொண்டு போனேன். மூன்று வருஷம், அச்சுநூல் மட்டும். மின்னூல், ஒலிநூல், சினிமா எல்லாம் என்னிடம். வருஷா வருஷம் மார்ச் முடிந்ததும் விற்பனைக் கணக்கு. பதிப்பாளர் வாசித்துவிட்டுச் சிரித்தார். "என்ன சார், பெண் கொடுக்கிற மாதிரி நிபந்தனை போடுறீங்க?" என்றார். அப்புறம் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.