டிக்கெட்டில் இல்லாத சாதி

(காஞ்சிபுரத்தில் மென்பொருள் துறை இளைஞர்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பட்டு நெய்கிற குடும்பங்களில் பிறந்து, இன்று ஓ.எம்.ஆரில் கணினி முன்னால் உட்காருகிறவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு காட்சி தெரிந்திருக்கும். முதலாளி பட்டையும் ஜரிகையையும் எடை போட்டுக் கொடுப்பார். சேலை முடிந்ததும் அதையும் எடை போட்டு வாங்குவார். நெசவாளியின் கணக்கு கிராம் சுத்தமாக நோட்டில் இருக்கும். அந்தச் சேலை கடையில் என்ன விலைக்குப் போனது என்பது மட்டும் அந்த நோட்டில் இருக்காது.

அந்த நோட்டைத்தான் இன்று ஜிரா, ட்ரெல்லோ, ஜோஹோ ப்ராஜெக்ட்ஸ் என்ற பெயர்களில் பார்க்கிறோம். எந்த டிக்கெட் யாரிடம் இருக்கிறது, எத்தனை மணி நேரம் ஆனது, யார் எப்போது எதை மாற்றினார், எல்லாம் பதிவாகும். வேலையைப் பிரித்துச் செய்ய இது உதவுகிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் பெயர் வாங்கித் தருகிற வேலை ஏன் சிலருக்கே போகிறது, இன்னொருவருக்கு ஏன் எப்போதும் பழைய பிழையைத் திருத்துகிற வேலையே வருகிறது? அதற்கு எந்தக் கட்டத்திலும் பதில் இருக்காது. டிக்கெட்டைப் பிரித்துக் கொடுக்கிறவரின் மனசு பதிவாவதில்லை.

2020 ஜூனில் சிஸ்கோ நிறுவனத்தின் மீது கலிபோர்னியா அரசுத் துறை ஒன்று வழக்குப் போட்டது. ஒரு தலித் பொறியாளர் இடஒதுக்கீட்டில் ஐஐடிக்கு வந்தவர் என்று, அதே காலத்தில் அங்கே படித்த மேலாளர் சக ஊழியர்களிடம் சொன்னார், புகார் கொடுத்த பிறகு அந்தப் பொறியாளர் ஒதுக்கப்பட்டார் என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் மறுத்தது. மேலாளர்கள் இருவர் மீதான வழக்கு 2023இல் திரும்பப் பெறப்பட்டது. நிறுவனத்தின் மீதான வழக்கு தொடர்ந்தது.

அந்தப் பொறியாளரின் பெயர் மனுவில் இல்லை. 'ஜான் டோ' என்றே இருக்கிறது. அமெரிக்காவில் வேலை பார்க்கிற ஒருவர், தன் சாதி தெரிந்தால் தனக்கும் குடும்பத்துக்கும் என்ன ஆகுமோ என்று பெயரை மறைக்க வேண்டியிருக்கிறது. தனியுரிமை என்பது பணக்காரர்களின் கவலை என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். நமக்குச் சாதி ஒரு தகவல். அது யார் கையில் இருக்கிறதோ அவருக்கு நம் மேல் ஒரு பிடி இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். 2018இல் ஸ்ரீகிருஷ்ணா குழு தந்த வரைவில் 'சாதி அல்லது பழங்குடி' என்ற விவரம் கூடுதல் பாதுகாப்பு தர வேண்டிய தகவல்களின் பட்டியலில் இருந்தது. 2019 மசோதாவிலும் இருந்தது. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அந்தப் பட்டியலே இல்லை. ஒன்றிய அரசு தன் அமைப்புகளுக்கு விலக்கு கொடுத்துக்கொள்ளவும் அதில் வழி இருக்கிறது.

ஸ்ரீதர் வேம்புவைப் பற்றிக் கேட்கிறீர்கள். தென்காசிப் பக்கம் கிராமத்தில் இருந்துகொண்டு உலகத்துக்கு மென்பொருள் விற்பதும், பட்டம் இல்லாத பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து வேலை கொடுப்பதும் நல்ல காரியங்கள்தான். ஆனால் 2025இல் 'சுதேசி' என்ற முழக்கத்தோடு ஒன்றிய அமைச்சர்கள் ஜோஹோவுக்கு மாறியபோது, அந்த நிறுவனத்தின் அரட்டை செயலியில் எழுத்துச் செய்திகளுக்கு, அனுப்புகிறவரும் பெறுகிறவரும் மட்டுமே படிக்கக்கூடிய மறையாக்கம் இல்லை. முதலாளி தமிழர் என்பதும் சுதேசி என்பதும் பூட்டு ஆகாது. சாவி யாரிடம் இருக்கிறது என்றுதான் கேட்க வேண்டும். கூகுளிடம் கேட்கிற அதே கேள்வியை ஜோஹோவிடமும் கேட்போம்.

"சாதிவாரிக் கணக்கெடுப்பு கேட்கிற நீங்களே சாதி விவரத்தைப் பாதுகாக்கச் சொல்லலாமா?" என்று ஒரு கேள்வி வரும். 1925 நவம்பரில் இதே காஞ்சிபுரத்தில் நடந்த காங்கிரஸ் மாநாட்டில், வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்துக்கு இடமில்லை என்றதால்தான் பெரியார் வெளியேறினார். எண்ணிப் பங்கு கேட்பது நம் உரிமை. 1948 கணக்கெடுப்புச் சட்டமே தனிநபர் விவரத்தை யாருக்கும் காட்டக் கூடாது என்கிறது. சமூகத்தின் கணக்கு வெளியே வரட்டும். தனி ஆளின் சாதி மேலாளரின் வாய்க்குப் போகக் கூடாது. இரண்டுக்கும் முரண் இல்லை.

நாம் கேட்க வேண்டியவை மூன்று. சாதி விவரத்துக்குச் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு வேண்டும். ஆப்பிள் தன் ஊழியர் நடத்தை விதியில் சாதி என்ற சொல்லைச் சேர்த்தது போல இங்குள்ள நிறுவனங்களும் சேர்க்க வேண்டும். யாருக்கு எந்த வேலை போனது என்ற பதிவு, மதிப்பீட்டின்போது ஊழியர் கையிலும் இருக்க வேண்டும்.

நான்காவது நம் கையிலேயே இருக்கிறது. நாளை உங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்தவரிடம் "ஊர்ல எந்தத் தெரு?" என்று யாராவது கேட்பார். அது முகவரி கேட்பதில்லை என்று நம் எல்லோருக்கும் தெரியும். அந்த இடத்திலேயே, "அது எதுக்கு உங்களுக்கு?" என்று கேளுங்கள். புதிதாக வந்தவர் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். நீங்கள் கேளுங்கள்.