புயலுக்கு முன்பே வெயிலைச் சேமிப்போம்

2016 டிசம்பர் 12. வர்தா புயல் சென்னையைக் கடந்த நாள். மின்கம்பங்கள் சாய்ந்து, பல தெருக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் அதே பாடுதான். அனல்மின் நிலையப் புகைபோக்கிகளைத் தினமும் பார்க்கிற வடசென்னையின் எண்ணூர்ப் பக்கத்திலும் மின்சாரம் போனால் போனதுதான்.

கரண்ட் இல்லாத அந்த நாள்களில் கையடக்க சோலார் சார்ஜர் கைகொடுக்கும். மடித்து வைக்கக்கூடிய 10 வாட் தகடு, நல்ல வெயில் நாளில் ஒரு செல்போனை ஒருமுறை முழுதாக நிரப்பும். பவர் பேங்கின் முதுகிலேயே ஒட்டி வருகிறதே குட்டித் தகடு, அதை நம்பாதீர்கள். அதைக் கொண்டு பவர் பேங்க் நிரம்பப் பல நாள் ஆகும்.

முக்கியமான விஷயம், புயல் முடிந்த மறுநாளும் வானம் மூடியே இருக்கலாம். அப்போது தகடு தருவது சொற்பம். அதனால் வானிலை எச்சரிக்கை வந்ததுமே, வெயில் இருக்கும்போதே பவர் பேங்கை நிரப்பிவிடுங்கள்.

தகடு வெயிலில், பவர் பேங்க் நிழலில். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சூடாக விட்டு சார்ஜ் செய்தால் அதன் ஆயுள் குறையும். உப்பிப்போன பேட்டரி ஆபத்து. தகட்டை ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே வைத்தாலும் பலன் குறைவு.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையுள்ள கடலோரத்தில் காற்றிலுள்ள உப்பும் தூசியும் தகட்டில் படியும். உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மெல்லத் துடையுங்கள். வயர் சொருகும் துளையில் ஈரம் படாமல் மூடி வையுங்கள், உப்பு அங்கேதான் முதலில் அரிக்கும்.