ஓட்டத்துக்கு முந்தின இரவு

(சபையின் பெண்கள் ஐக்கியக் கூடுகையில் பேசியது)



சான் பிரான்சிஸ்கோ அரை மாரத்தானை ஓடி முடித்ததைப் பற்றிப் பேசும்படி ஆயரம்மா கேட்டுக்கொண்டார்கள். ஓடின கதையைவிடத் தூங்காத கதைதான் என்னிடம் அதிகம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜூலை மாதத்து ஞாயிறு. ஓட்டம் பொழுது விடியுமுன் தொடங்கும். ஞாயிறன்று பார்ட் ரயில் 8 மணிக்குத்தான் வரும் என்பதால், பிளசன்டனிலிருந்து 40 மைலும் காரில்தான் போகவேண்டும். அலாரம் 2.30க்கு. இரவு 9 மணிக்கே படுத்துவிட்டேன். ஆனால் 'தூங்கு, தூங்கு' என்று என்னை நானே அதட்ட அதட்ட, தூக்கம் தூரப் போய்விட்டது. இரண்டு மணி நேரம்கூடக் கண் அசரவில்லை.

"பேசாம படு, அடுத்த வருஷம் ஓடலாம்" என்றார் என் கணவர். நான்கு மாதம் அயர்ன் ஹார்ஸ் பாதையில் ஓடிப் பழகியிருந்தேன், விட மனசில்லை. இங்கிலாந்தில் செவிலியர் பயிற்சி எடுத்த நாளிலிருந்து நோயாளிகளிடம் கேட்டுவரும் கேள்விகளை என்னிடமே கேட்டேன். காய்ச்சல் இருக்கிறதா? நெஞ்சில் வலி, படபடப்பு? தலைசுற்றல்? ஒன்று இருந்தாலும் போயிருக்கமாட்டேன். எதுவும் இல்லை.

ஒரு ராத்திரித் தூக்கம் கெட்டால் இருதயத்தின் பலமோ கால்களின் பலமோ பெரிதாகக் குறைவதில்லை. அதே ஓட்டம் அதிகக் கஷ்டமாகத் தோன்றும், அவ்வளவுதான். ஆகவே கடிகாரத்தைப் பார்க்காமல், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் மெதுவாக ஓடினேன். கோல்டன் கேட் பாலத்தில் பனிமூட்டமும் காற்றும் முகத்தில் அடித்தன. 13.1 மைலையும் முடித்தேன்.

தவறு செய்தது அதற்குப் பிறகுதான்.

மெடலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, தனியாகக் காரை எடுத்தேன். 580ல் காஸ்ட்ரோ வேலி அருகே, பக்கத்துக் காரின் ஹாரன் சத்தம் கேட்டுத்தான் விழித்தேன். என் கார் பாதி அடுத்த லேனில் இருந்தது. அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, நடுங்கும் கையோடு கணவரைக் கூப்பிட்டேன். கால்கள் 13 மைல் தாங்கின. கண்கள் 40 மைல் தாங்கவில்லை.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் நிதானம், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் நிதானத்துக்குச் சமம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. 24 மணி நேரம் விழித்திருந்தால் 0.10 சதவீதம். கலிஃபோர்னியாவில் சட்ட வரம்பு 0.08. மதுவைக் கையால் தொடாத நாம், நைட் டியூட்டி முடிந்தும், இந்தியாவோடு நடுராத்திரி மீட்டிங் பேசிவிட்டும், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு 680ல் போகிறோமே! இதைச் சொல்லத்தான் இன்று நிற்கிறேன்.

நம் பக்கத்து ஸ்டான்ஃபோர்டில், கூடைப்பந்து வீரர்களைச் சில வாரங்கள் தினமும் 10 மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். 2011ல் வெளியான அந்த ஆய்வின்படி, அவர்கள் ஓட்டத்தின் வேகமும் கூடியது, பந்தைக் கூடையில் போடும் குறியும் 9 சதவீதம் கூடியது. ஆகவே ஓட்டத்துக்கு முந்தின ஒரு ராத்திரியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அதற்கு முந்தின வாரம் முழுவதும் நன்றாகத் தூங்குங்கள். மத்தியானத்துக்குமேல் காபி வேண்டாம். திரும்பி வரும்போது வேறொருவர் கார் ஓட்டட்டும்.

குறைவாகத் தூங்குவதை நம் வீடுகளில் பெண்களுக்குப் பெருமையாகவே சொல்லி வளர்த்துவிட்டார்கள். சூரைச்செடியின் கீழ்ப் படுத்த எலியாவுக்கும் முதலில் கிடைத்தது தூக்கமும் அப்பமும்தான். நெடும்பயணம் அதற்குப் பிறகுதான். இன்றைக்கு ராத்திரி பாத்திரங்கள் ஸிங்கிலேயே கிடக்கட்டும். போய்ப் படுங்கள், அக்கா.