மருத்துவ மாணவரும் ஆங்கிலமும்



உயர்தர வகுப்புவரை தமிழிலே பயின்ற மாணவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலே ஆங்கிலத்திற் பாடங் கேட்கின்றார். அவருக்கு ஆங்கிலத்தை எவ்வாறு கற்பித்தல் வேண்டும்?

'ஹைப்பர்' என்பது மிகுதி. 'ஹைப்போ' என்பது குறைவு. குருதியிற் சீனி மிகுந்தால் 'ஹைப்பர்கிளைசீமியா', குறைந்தால் 'ஹைப்போகிளைசீமியா'. முன்னதற்கு இன்சுலின் வேண்டப்படலாம். பின்னதற்கு உடனே சீனி கொடுத்தல் வேண்டும். ஓரசை பிழைத்தால் உயிர் பிழைத்தல் அரிது.

ஆகவே, சொற்களை வெறுமனே மனனஞ் செய்விப்பதினும், அவற்றின் உறுப்புக்களைப் பிரித்துக் காட்டுவதே பயன் தரும். பகுதி, விகுதி எனப் பதங்களைப் பிரித்துப் பழகிய தமிழ் மாணவருக்கு இது புதிதன்று. 'ஐற்றிஸ்' என்னும் விகுதி அழற்சியைக் குறிக்குமென அறிந்தவர், 'ரொன்சிலைற்றிஸ்', 'அப்பெண்டிசைற்றிஸ்' என்பவற்றின் பொருளைத் தாமே உணர்வர்.

இன்னுமொன்று. மானிப்பாயிலே மருத்துவங் கற்பித்த வைத்தியர் சாமுவேல் கிறீன், முதலில் ஆங்கிலத்திலே போதித்து, 1860களிலே தமிழுக்கு மாறினார். அவர்தம் மாணவர் பணியாற்றவிருந்தது தமிழ்க் கிராமங்களில் அன்றோ? இன்றைய மாணவர் ஆங்கிலத்திலே கற்பினும், நோயாளி நோவைச் சொல்வது தமிழிலேதான். கற்றதை அவருக்கு விளங்கும் தமிழிலே எடுத்துரைக்கவும் பயிற்றினாலன்றி, அந்த ஆங்கிலக் கல்வி நிறைவு பெறாது.