பெயிண்டுக்கு அடியில்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2009-ஆம் ஆண்டு இதே கல்லூரியில் இயந்திரவியல் முடித்தவன் நான். சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "உன் வேலையைப் பத்திப் பேசுப்பா" என்றார். என் வேலை பம்பு வடிவமைப்பு. அதைப் பேசினால் பின்வரிசை மட்டுமல்ல, முன்வரிசையும் தூங்கிவிடும். ஆகவே, சனிக்கிழமைகளில் நான் செய்த வேறொரு வேலையைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு பழைய விவசாய விமானத்தை நாங்கள் நான்கு பேர் சேர்ந்து மறுபடியும் பறக்க வைத்தோம். அதில் நான் ஒரு தப்புப் பண்ணினேன். அந்தத் தப்பைச் சொல்லத்தான் முக்கியமாக வந்திருக்கிறேன்.

நான் வேலை பார்ப்பது அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில். அங்கே சாக்ரமெண்டோ பள்ளத்தாக்கு முழுக்க நெல் வயல். நான் மன்னார்குடிப் பக்கத்துக்காரன். ஆனாலும் அங்கே பார்த்த விவசாயம் எனக்குப் புதுசு. வயலில் தண்ணீர் கட்டிவிட்டு, ஊறவைத்து வடித்த விதைநெல்லை விமானத்திலிருந்து தூவுகிறார்கள். நாற்றங்காலும் கிடையாது, நடவும் கிடையாது. அப்பாவிடம் போனில் சொன்னேன். "களைக்கு என்னடா பண்றாங்க?" என்று கேட்டார். அதற்கும் விமானம்தான், மருந்து தெளிக்க.

இந்தத் தொழில் 1921-ல் தொடங்கியது. அந்த வருஷம் ஆகஸ்ட் 3-ஆம் தேதி, ஒஹாயோ மாநிலத்தில் டிராய் என்ற ஊரில், லெப்டினன்ட் ஜான் மக்ரெடி என்ற விமானி, புழு விழுந்த கட்டால்பா மரத்தோப்பின் மேல் ராணுவ விமானம் ஒன்றிலிருந்து ஈய ஆர்சனேட் பொடியைத் தூவினார். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், ராணுவம் கழித்துப் போட்ட ஸ்டியர்மேன் பயிற்சி விமானங்களை வாங்கி, முன் இருக்கையைக் கழற்றிவிட்டு அங்கே மருந்துத் தொட்டியை வைத்தார்கள். பயிருக்குச் சில அடி உயரத்தில் பறக்கிற வேலை. மின்கம்பி, மரம், திருப்பத்தில் தவறும் வேகம் என்று பல விமானிகள் உயிரை விட்டார்கள்.

இதைப் பார்த்து யோசித்தவர் ஃபிரெட் வெய்க் என்ற பொறியாளர். டெக்சாஸ் ஏ அண்ட் எம் கல்லூரியில் இருந்துகொண்டு, விவசாயத்துக்கென்றே ஏஜி-1 என்ற விமானத்தை வடிவமைத்தார். அது 1950 டிசம்பர் 1-ஆம் தேதி பறந்தது. விபத்தைத் தடுக்க வேண்டும், சரி; நடந்தே விட்டால் உள்ளே இருப்பவன் பிழைக்க வேண்டும், அதற்கும் வழி வேண்டும் என்பது அவர் கணக்கு. அந்த வழியில் வந்ததுதான் பைப்பர் நிறுவனத்தின் பானீ விமானம். 1959-லிருந்து 1981 வரை ஐயாயிரத்துக்கும் மேல் செய்தார்கள்.

பானீயின் அமைப்பைக் கவனியுங்கள். முன்னால் என்ஜின், அதற்குப் பின்னால் மருந்துத் தொட்டி, அதற்கும் பின்னால் உயரமான இடத்தில் விமானி. மோதினால் முன்னே இருப்பவை நசுங்கும், அவர் கடைசி. கம்பியில் மாட்டினால் வழுக்கி விடுவதற்கு, கூரையிலிருந்து வால் உச்சி வரைக்கும் ஒரு கம்பி வடம். இருக்கை ஒன்றே ஒன்று. இந்த ஒற்றை இருக்கையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

எங்களிடம் வந்தது 235 குதிரைத் திறன் லைகமிங் என்ஜின் வைத்த பானீ. எண்பது வயதைத் தாண்டிய ஒரு பெரியவருடையது. இளவயதில் அதே வயல்களில் மருந்து அடித்தவர். விமானம் பல வருஷமாகக் கொட்டகையில் கிடந்தது. மறுபடி அது பறப்பதைப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. உரிமம் பெற்ற மெக்கானிக் அம்மையார் ஒருவர் பொறுப்பேற்றார். உரிமம் இல்லாத நான், சட்டப்படி அவர் மேற்பார்வையில் மட்டும் கை வைக்கலாம்.

முதல் வேலை, பழைய துணியை உரிப்பது. ஆமாம், துணிதான். எஃகுக் குழாய்ச் சட்டத்தின் மேல் துணி போர்த்திய விமானம் அது. மூலை முடுக்கெல்லாம் பழைய பூச்சி மருந்துக் கசடு. கையுறை, முகமூடி இல்லாமல் கிட்டே போக முடியாது. மருந்தும் உரமும் குழாய்களை அரித்திருந்தன. மணல் பீய்ச்சித் துருவை எடுத்து, அரித்த இடங்களை வெட்டிவிட்டுப் புதுக் குழாய் வெல்டிங் செய்தோம். பிறகு பாலியஸ்டர் துணி ஒட்டி, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தோம். சூடு பட்டால் அது சுருங்கி, மத்தளத் தோல் மாதிரி விறைத்து நிற்கும். அதன்பின் இறக்கைத் துணியை உள்ளே இருக்கும் ஒவ்வொரு குறுக்குச் சட்டத்தோடும் நூலால் முடிச்சுப் போட்டுக் கட்ட வேண்டும். என் பாட்டி பூ கட்டுவதைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால், அதில் மட்டும் எனக்கு நல்ல பேர்.

இனி என் தப்புக்கு வருகிறேன். பானீயின் இறக்கை உடலின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. அதைத் தாங்கும் முட்டுக் குழாய்கள் இறக்கைக்கு மேலே சாய்வாக வருகின்றன. பறக்கும்போது இறக்கை மேலே எழும்பப் பார்க்கும். அந்த அழுத்தம் முழுக்க முட்டுக் குழாயில் விழும். அது மெலிந்தால் என்ன ஆகும்? மூன்றாம் செமஸ்டரில் ஆய்லர் சூத்திரம் படித்தவர்களே சொல்லுங்கள். குழாயின் சுவர் பாதியானால், தாங்கும் பாரமும் ஏறக்குறையப் பாதி. பிறகு அது வளையும். முன்னறிவிப்புத் தராது.

இந்தக் குழாய்களின் கீழ்முனையில் ஈரம் தங்கி உள்ளே துருப் பிடிக்கும், வெளியே தெரியாது. பைப்பரின் பல பழைய விமானங்களில் இவற்றைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்று, அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 1999-ல் ஆணையே பிறப்பித்திருக்கிறது. ஊசிமுனைக் கருவி ஒன்றை ஓர் அளவு அழுத்தத்தோடு வரிசையாக அழுத்திப் பார்க்க வேண்டும். பள்ளம் விழுந்தால் குழாய் கழிவு.

அந்தக் குழாய்களைச் சுத்தம் செய்து, சோதித்து, பெயிண்ட் அடிக்கும் வேலை எனக்கு வந்தது. சனிக்கிழமை சாயங்காலம். மூன்று குழாயைக் கருவி வைத்துச் சோதித்தேன், மூன்றும் நல்லா இருந்தன. நாலாவது பார்க்க அதே மாதிரிதான் இருந்தது. கை வலித்தது. வேலை அட்டையில் நாலுக்கும் "சோதித்தாயிற்று, சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுவாரம் மஞ்சள் பெயிண்ட் அடித்தேன். கல்யாண மாப்பிள்ளை மாதிரி மின்னியது.

பத்து நாள் கழித்து அந்த அம்மையார் தன் கையெழுத்தைப் போடுவதற்கு முன் கருவியை எடுத்தார். பெயிண்ட் போகிறதே என்று அவர் கவலைப்படவில்லை. நாலாவது குழாயின் கீழ்முனையில் வைத்து அழுத்தினார். நகத்தால் வெண்ணெயை அழுத்தின மாதிரி உள்ளே போனது. என்னைத் திரும்பிப் பார்த்தார். "இதைச் சோதிச்சியா?" அவ்வளவுதான் கேட்டார். "இல்லை" என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது.

நண்பர்களே, அன்று இரவு வீட்டுக்குக் கார் ஓட்டும்போது யோசித்தேன். இந்தப் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது? இங்கிருந்துதான். ஆய்வகத்தில் விடையை முதலில் எழுதிவிட்டு, அதற்கு ஏற்றபடி அளவுகளைப் பின்னாலிருந்து கணக்குப் போட்டவன் நான். சீனியரின் ரெக்கார்டு நோட்டை வாங்கி, தசமப் புள்ளிக்குப் பின்னால் ஒரு எண்ணை மட்டும் மாற்றி எழுதியவன் நான். சிரிக்கிறீர்கள், ஆகவே நான் மட்டும் இல்லை என்று தெரிகிறது. அப்போது யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பத்துக்கு ஒன்பது மதிப்பெண்கூடக் கிடைத்தது. அதே கைதான் அந்த அட்டையிலும் எழுதியது.

மறுநாள் பெரியவரிடம் நானே போய்ச் சொன்னேன். புதுக் குழாய் வரவும் வேலை முடியவும் மாதக்கணக்கில் ஆகும். வசந்த காலத்தில் பறக்காது. அவர் உடம்பு இருந்த நிலையில் அது சின்னச் செய்தி இல்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "என் கூடப் பறந்தவங்க நிறையப் பேர் இப்ப இல்லை. எனக்குக் காத்திருக்கத் தெரியும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அந்த அட்டையைக் கிழிக்க விடவில்லை அம்மையார். தப்பான வரியை அழிக்கவும் கூடாது. ஒரே கோடு அடித்து, பக்கத்தில் உண்மையை எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். இன்றும் அந்த விமானத்தின் கோப்பில் அது இருக்கிறது.

2023 அக்டோபரில் விமானம் பறந்தது. ஓட்டியது பெரியவரின் பேத்தி. அவர் ஓடுபாதை ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஏறுவதற்கு முன் அந்தப் பெண் முட்டுக் குழாயைக் கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். ஒற்றை இருக்கை என்று சொன்னேனே. பழுது பார்த்த நம்மில் ஒருவரும் கூடப் போக முடியாது. நாம் எழுதிய "சரி" மட்டும்தான் கூடப் போகும். பன்னிரண்டு நிமிஷம் பறந்து இறங்கினாள். அதுவரைக்கும் நான் உட்காரவில்லை.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு அறிவுரை சொல்கிற தகுதி எனக்கு இல்லை என்பதை இதுவரை கேட்டிருப்பீர்கள். ஒரு வேண்டுகோள் மட்டும். அடுத்த வாரம் ஆய்வகத்தில் அளவு சரியாக வரவில்லை என்றால், வரவில்லை என்றே எழுதுங்கள். ஆசிரியப் பெருமக்களே, அப்படி எழுதுகிற பிள்ளைக்குத் தயவுசெய்து மதிப்பெண் குறைக்காதீர்கள்.