வீடு எட்டவில்லையா, மனை எட்டவில்லையா?

'வீட்டைக் கட்டிப் பார்' என்று சவால் விட்ட பழமொழி, கட்டுவதற்கு ஓர் இடம் கையில் இருப்பதாக நினைத்துக்கொண்டே பேசியது. இன்று செஞ்சியை அடுத்த தொண்டூர் போன்ற கிராமத்திலும் அப்படி நினைக்க முடியாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2025-26இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயிக்கப்பட்ட தினக்கூலி 336 ரூபாய். அந்தக் கூலியில் வருடத்துக்கு 300 நாள் வேலை கிடைத்தாலும் வருமானம் 1,00,800 ரூபாய்தான். ஒரு சென்ட் 2 லட்சம் என்று வைத்துக்கொண்டால் மூன்று சென்ட் மனைக்கு 6 லட்சம் வேண்டும். ஒரு பைசா செலவழிக்காமல் சேர்த்தாலும் ஆறு வருடம் ஆகும். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 விழுக்காடு, அதாவது 54,000 ரூபாய், தனி. முதல் செங்கல் இன்னும் வந்து இறங்கவில்லை.

சிமென்ட்டும் கம்பியும் வட்டியும்தான் காரணம் என்பார்கள். அவையும் சுமைதான், மறுக்கவில்லை. ஆனால் சிமென்ட் மீதான ஜிஎஸ்டி 2025 செப்டம்பரில் 28இலிருந்து 18 விழுக்காடாக இறங்கியது. ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டியும் அதே ஆண்டில் 6.5இலிருந்து 5.25 விழுக்காட்டுக்கு வந்தது. இவற்றால் மனை மலிவாகிவிடாது. வட்டி குறைந்தால், கடன் வாங்கத் தகுதியுள்ளவர் இன்னும் கொஞ்சம் கூட்டிக் கேட்பார். நிலமோ ஒரு சென்ட்கூட அதிகமாகாது. குறைந்த வட்டியின் லாபம் மனை விலைக்குள்ளேயே போய்ச் சேரும்.

ஆக, மனையை யார் எதற்காக வாங்குகிறார்கள் என்பதே கேள்வி. திண்டிவனம் - திருவண்ணாமலை சாலை, 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டைக்குக் கிடைத்த உலகப் பாரம்பரியச் சின்னத் தகுதி போன்றவை, நாளை விலை ஏறும் என்ற நம்பிக்கையை விதைக்கின்றன. அந்த நம்பிக்கையில் வாங்குபவருக்கு மனை ஒரு சேமிப்பு. குடியிருக்க வேண்டியவரோ தன் கூலியை வைத்து அவரோடு போட்டி போட வேண்டும். நகர வீடுகளின் கதையும் இதுதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இந்திய நகரங்களில் சுமார் 1.1 கோடி வீடுகள் காலியாகக் கிடந்தன. மறு ஆண்டே மத்திய அரசின் வல்லுநர் குழு, நகரங்களில் 1.88 கோடி வீடுகள் பற்றாக்குறை என்று மதிப்பிட்டது. பற்றாக்குறையில் 95 விழுக்காட்டுக்கு மேல் ஏழைகளுக்கும் குறைந்த வருவாய்க்காரருக்கும் உரியது. காலி வீடும் வீடில்லாதவரும் ஒரே நகரத்தில் இருக்க முடிகிறதென்றால், நிறையக் கட்டினால் போதும் என்ற வாதம் பாதிதான் சரி. பத்திரப் பதிவுக்கு அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்புக்கும் சந்தை விலைக்கும் உள்ள இடைவெளி இன்னொரு தடை. பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பை மட்டும் காட்டினால், அந்தத் தொகையைப் பார்த்துத்தான் வங்கி கடன் தரும். மீதியை ரொக்கமாகப் புரட்ட வேண்டும். கையில் ரொக்கம் உள்ளவர் அங்கேயே முந்திவிடுகிறார்.

அரசு வீடு கட்டித் தருகிறதே என்று கேட்கலாம். கலைஞரின் கனவு இல்லம் திட்டம் வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தருவது பெரிய உதவி. ஆனால் அது கட்டுவதற்கான பணம். சொந்த இடம் இல்லாதவரின் சிக்கல் அப்படியே நிற்கும். விலை ஏறினால் நிலம் விற்கும் விவசாயிக்கு நல்லதுதானே என்பதும் நியாயமான கேள்வி. விற்கும் அன்று நல்லது. அதே பணத்தில் அவருடைய பிள்ளைகள் அதே ஊரில் மனை வாங்க முடியுமா என்பதையும் சேர்த்துத்தான் அந்த லாபத்தைக் கணக்கிட வேண்டும்.

வழி இருக்கிறது. நகராட்சி, பேரூராட்சிகளில் இப்போதே உள்ள காலிமனை வரியை, மனை சும்மா கிடக்கும் ஆண்டுகளுக்கேற்ப உயர்த்தலாம். மகள் கல்யாணத்துக்கென ஒரே ஒரு மனை வாங்கிப் போட்டிருக்கும் குடும்பத்தை என்ன செய்வது? முதல் மனைக்கு விலக்குக் கொடுத்து, இரண்டாவதிலிருந்து வரி போடலாம். 2023இல் வழிகாட்டி மதிப்பை உயர்த்திய தமிழக அரசு, பதிவுக் கட்டணத்தை 4இலிருந்து 2 விழுக்காடாகக் குறைத்தது. மதிப்பைச் சந்தை விலைக்கு நெருக்கமாக்கி, முதல் வீடு வாங்குபவருக்கு முத்திரைத் தீர்வையையும் இறக்குவது அதே பாதையில் அடுத்த அடி. நிலமற்றவர்களுக்கு வீட்டுமனைப் பட்டா வழங்குவதையும் விரைவுபடுத்த வேண்டும். சேமிக்க வங்கி, தங்கம் என்று பல வழிகள் உண்டு. குடியிருக்க மண்ணைத் தவிர வேறு வழி இல்லை. இதை ஒப்புக்கொண்டு வரிகளை வகுத்தால், கூலி வாங்குபவரும் ஒரு மனைக்கு விலை கேட்க முடியும்.