பழைய காசெட்டில் உறங்கும் ஒலி
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இலக்கியம் பேச நம் சங்கத்தில் புலவர்கள் இருக்கிறார்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து, ரயில்வே குமாஸ்தாவாகப் பதிவேடுகளோடு காலந்தள்ளும் நாம் அவர்கள் துறையில் தலையிடுவது முறையன்று. ஆகவே பழைய திரைப்படங்களின் ஒலியைப் பற்றிச் சில சொல்லச் செயலாளரிடம் அனுமதி பெற்றோம். "சினிமாப் பேச்சா?" என்று முன்வரிசையில் சிலர் முகஞ்சுளிப்பது தெரிகிறது. சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

நம் தாயார் விளவங்கோட்டுப் பக்கத்தவர். 1956 நவம்பர் முதல் நாள் விளவங்கோடு தமிழகத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றங்கரை கேரளத்தில் நின்றது. பின்னர்ப் பிழைப்பின் பொருட்டு எல்லை தாண்டிப் பாறசாலையில் குடியேறிய குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. எங்கள் சித்தப்பா வளைகுடா நாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது ஒரு வீடியோப் பெட்டியும் சில தமிழ்ப் படக் காசெட்டுகளும் கொண்டுவந்தார். அவற்றுள் ஒரு படத்தைத் தாயார் எத்தனை முறை கேட்டிருப்பார் என்பதற்குக் கணக்கில்லை. கேட்டிருப்பார் என்றே சொல்கிறோம். அடுக்களையில் வேலை செய்துகொண்டே கேட்பதுதான் அவர் வழக்கம்.

இரண்டாண்டுகளாக அவருக்குப் பார்வை பெரிதும் குறைந்துவிட்டது. அவர் மகிழட்டுமே என்று அதே படத்தின் புதிய குறுந்தட்டு ஒன்றை வாங்கிவந்து ஓட்டினோம். படத்தின் பெயர் வேண்டாம். விற்றவர்மேல் குறை சொன்னதாக ஆகிவிடும். இடி புதிதாக இடித்தது; காலடி ஓசை அறையைச் சுற்றி வந்தது; வசனத்தின் பின்னே மெல்ல ஒலித்த வீணை எங்கோ அமுங்கிப்போயிற்று. தாயார் கால்மணி நேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மக்ளே, இது அந்தப் படம் இல்ல, கேட்டியா?" என்றார்.

கண்ணுள்ள நாம் கவனியாததைக் காதுள்ள அவர் கண்டுகொண்டார். அன்று முதல் இதே சிந்தனை.

அக்காலத்துப் படங்களில் பேச்சு, இசை, ஓசை மூன்றும் ஒரே தடத்தில் கலந்து படச்சுருளின் ஓரத்தில் ஒளிக்கோடாகப் பதிந்திருந்தன. கலந்தபின் பிரிப்பது பாலில் கலந்த நீரைப் பிரிப்பதுபோல. இன்றைய அரங்குகளுக்கு ஆறு வழி ஒலி வேண்டியிருப்பதால், பழையதன்மேல் புதியதைச் சேர்க்கிறார்கள். 1964இல் வெளிவந்த 'கர்ணன்' 2012இல் புதுப்பொலிவுடன் திரும்பி வந்தபோது, ஒலித்தடம் பெரிதும் பழுதுபட்டிருந்தமையால் பின்னணி இசையை மீண்டும் இசைத்துச் சேர்க்க வேண்டியதாயிற்று. அதனால் ஒரு தலைமுறை இளைஞர் அப்படத்தைக் கண்டனர், நன்றே. ஆனால் புதியது வந்தவுடன் பழையது எங்கே போயிற்று என்று கேட்பார் இருக்க வேண்டாமா?

மேல்நாட்டில் கேட்டிருக்கிறார்கள். 1977இல் வெளியான 'ஸ்டார் வார்ஸ்' படத்திற்கு மூன்று வகை ஒலிக்கலவைகள் இருந்தன. 1997இல் இயக்குநரே படத்தை மாற்றிவிட்டார். பின்னர் ரசிகர்கள் பழைய லேசர் தட்டுகளையும், தொலைக்காட்சியிலிருந்து வீட்டில் பதிந்த நாடாக்களையும் தேடியெடுத்து, முதல் ஒலியைப் பிரித்துப் புதிய படத்தோடு பொருத்தினர். 1984இல் வந்த 'டெர்மினேட்டர்' படத்தில் பின்னாளில் துப்பாக்கி ஓசையே மாறிப்போயிற்று. அதன் பழைய ஒலியையும் இவ்வாறே காத்தார்கள். கூலியில்லா வேலை, பைத்தியக்காரத்தனம் என்றும் சொல்லலாம்.

நம் நிலை என்ன? 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' இன்று இல்லை. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1938இல் எடுத்த முதல் மலையாளப் பேசும்படம் 'பாலன்' இல்லை. இரு மொழிக்காரரும் இதில் ஒற்றுமையாகவே இழந்திருக்கிறோம். 1964இல் புனேயில் தேசியத் திரைப்படக் காப்பகம் தோன்ற, பி. கே. நாயர் ஊர் ஊராய் அலைந்து சுருள்களைச் சேர்த்தார். அவர் நம் பக்கத்துத் திருவனந்தபுரத்தில் பிறந்தவர், 2016இல் மறைந்தார்.

இனி நம் சொந்த முயற்சி. சித்தப்பாவின் காசெட்டைப் பரணிலிருந்து இறக்கினால், நாடாவின் ஓரமெங்கும் வெண்பூஞ்சை. இந்த மழைநாட்டில் வேறெப்படி இருக்கும்? முதலில் ஒரு பழுதுபார்க்கும் கடையில் கொடுத்தோம். அவர் துடைக்காமலே ஓட்டினார். நாடா சிக்கி இரண்டு விரற்கடை அறுந்தது. வாயடைத்து வீடு திரும்பினோம். பிறகு ஈரமுறிஞ்சும் பொட்டலங்களோடு டப்பாவில் அடைத்துப் பல நாள் உலர்த்தி, கையால் சுற்றிச் சுற்றி மெல்லிய துணியால் நாமே துடைத்தோம். வீடியோப் பெட்டி கிடைப்பதும் அரிது. கடைசியாக அதைச் செய்துவந்த ஜப்பானிய நிறுவனமும் 2016இல் நிறுத்திவிட்டது. சாதாரணக் காசெட்டில் ஒலி நாடாவின் ஓரத்தில் நொடிக்கு 2.3 சென்டிமீட்டர்தான் ஓடுகிறது. பாட்டுக் காசெட்டின் வேகத்தில் பாதி. ஆகவே சற்று மங்கலாகவே கேட்கும்.

இன்னொரு வேடிக்கை உண்டு. திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்கள் ஓடும். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையில் 25. அம்முறையில் காசெட்டிலேற்றிய 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். குரலும் அரைச்சுரத்திற்குச் சற்றுக் குறைவாக உயர்ந்துவிடும். நம் மகன் கணிப்பொறியில் அதைப் பழைய வேகத்திற்கு இறக்கினான். அறுந்த இடத்தில் மட்டும் புதிய தட்டின் ஒலியை ஒட்டினோம்.

ஒரு ஞாயிறு மாலை தாயாரை உட்காரவைத்து ஓட்டினோம். வீணை வந்தது. அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "கொட்டாயில கேட்டது இப்பிடித்தான். வீட்டுப் பெட்டியில கொஞ்சம் வேகமா பேசுவாரு" என்றார். முப்பதாண்டுகளாக அந்த வேறுபாடு அவர் காதில் இருந்திருக்கிறது, நம்மிடம் சொன்னதில்லை.

சட்டம் என்ன சொல்லும் என்று வக்கீல் ஐயா கேட்பார். இப்போதுள்ளபடி, ஒரு திரைப்படத்தின் உரிமை, அது வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் நிற்கும். 'கர்ணன்' படத்திற்கு 2024இல் முடிந்தது. பாட்டிற்கும் இசைக்கும் உரிமை வேறு. ஆகையால் நாம் செய்தது வீட்டளவிலேயே இருக்கிறது. யாருக்கும் விற்கவில்லை, பரப்பவும் இல்லை.

உங்கள் பரண்களிலும் காசெட்டுகள் இருக்கும். தயவுசெய்து பழைய சாமான்காரருக்கு எடைக்குப் போட வேண்டாம். துடைக்காமல் ஓட்டவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில்தான் இருக்கிறோம், இரவுப் பணி இல்லாவிட்டால். கொண்டுவாருங்கள். அந்தப் பெட்டி இன்னும் ஓடுகிறது.